முடி இறக்கும் முன் ஒரு படம்

பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் முடி இறக்க நாள் குறித்தாயிற்று. அதற்குள் ஸ்டூடியோவில் முறையாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். குழந்தைக்கு என்ன உடுத்துவது? கடந்த இரண்டு மாதங்களில் வாசக அன்பர்கள் மூவர் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். கோயிலும் விரதமும் பேசும் இந்தப் பகுதியில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்று ஓர் அம்மையார் தயக்கத்தோடு கேட்டிருந்தார். தாராளமாக உண்டு. நம் வீடுகளில் பிள்ளையைப் படம் எடுத்து மாட்டும் வழக்கமே பெரும்பாலும் நேர்த்திக்கடனை ஒட்டி வந்ததுதான். முதல் முடி தெய்வத்துக்கு உரியது. கொடுப்பதற்கு முன் அதைக் கண்ணாரப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் தாய்மார்களை ஸ்டூடியோ வாசலுக்கு அழைத்துச் சென்றது.

மூன்று வீடுகளிலும் வழக்கு ஒன்றேதான். பேரனுக்குப் பின்னலிட்டுப் பூ வைத்து, பாவாடை சட்டை உடுத்திப் பார்க்க வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. "ஆண் பிள்ளைக்குப் பாவாடையா?" என்று மகனும் மருமகளும் சிரிக்கிறார்கள். அவர்கள் கையில் படம் எடுப்பவர் கொடுத்த பட்டியல் இருக்கிறது. கிரீடம் வைத்த கண்ணன், தொப்பி அணிந்த விமானி, கூடைக்குள் உறங்கும் முயல்குட்டி என்று அதில் பல வேடங்கள். வாடகை தனி, படத்துக்குக் கட்டணம் தனி.

நான் பாட்டியின் கட்சி. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு வெளியே, 1961-ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, கன்னத்தில் ஒரு பெரிய மைப் பொட்டு, கணுக்கால் வரை பாவாடை. பார்க்க வருகிறவர்கள், "உங்கள் அக்காவா?" என்று கேட்பார்கள். அது நான்தான். எனக்கு முன்னே பிறந்த இருவரும் ஓராண்டைத் தாண்டவில்லை. மூன்றாவதாகப் பிறந்த என்னை வீட்டில் பிச்சை என்று அழைத்தார்கள். குமாரலிங்கபுரம், திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் பிச்சை, குப்பன், மூக்கன் என்ற பெயர்களைக் கேட்டால், அதற்குப் பின்னால் இழந்த ஒரு தொட்டில் இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். மேலான பிள்ளையாகத் தெரிந்தால் கண் பட்டுவிடும், காலன் கண்ணிலும் பட்டுவிடும். ஆகவே குப்பையில் கிடந்தது என்று பெயர் வை, மூக்கைக் குத்து, பெண்ணுடை உடுத்து. அன்றைய தாய்மார்கள் கண்டுபிடித்த தந்திரம் இது.

இதைப் படித்தவர்கள் நகைக்கலாம். ஆனால் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். 1971-இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. தடுப்பூசியும் மருத்துவமனையும் எட்டாத ஊரில் அந்தத் தாயின் கையில் இருந்தவை வேப்பிலையும் விபூதியும் ஒரு பாவாடையும்தான். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் வேறு அன்று பரவலாக இருந்தது. அந்த அச்சத்தையும் மீறி ஒருத்தி குழந்தையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிச் சென்றாள் என்றால், இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு வந்துவிட்டது என்று பொருள். உடைக்கு அந்தப் படத்தில் இருந்த வேலை அலங்காரம் மட்டுமன்று.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இரண்டரை வயதில், 1884-இல் எடுத்த படம் ஒன்று புகழ்பெற்றது. தோள் வரை தொங்கும் முடி, வெள்ளைப் பாவாடை, கையில் இறகு செருகிய தொப்பி. பார்ப்பவர் எவரும் சிறுமி என்றே சொல்வர். அக்காலத்தில் மேலை நாடுகளில் நான்கு முதல் ஏழு வயதுவரை ஆண் குழந்தைகளுக்குப் பாவாடைதான் உடை. முதன்முதலாகக் கால்சட்டை அணிவிக்கும் நாளை வீட்டில் கொண்டாடுவார்கள். பல வீடுகளில் முதல் முடிவெட்டும் அதை ஒட்டியே நடக்கும். நம்முடைய முடி இறக்கும் விழாவுக்கு அது தூரத்து உறவு. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகளோ கேலி செய்தால் இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. சில குலங்களில் முடி இறக்குவது ஐந்து வயது வரை தள்ளிப்போகும். ஐந்து வயதுப் பையனுக்குத் தன்னைப் பற்றிய எண்ணம் வந்துவிடுகிறது. அவன் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வேட்டி சட்டையில் எடுக்கலாம். அழுது வீங்கிய முகத்தோடு எடுத்த படத்தை அவனே பிற்காலத்தில் கழற்றி வைத்துவிடுவான்.

இனி உடைக்கு வருவோம். கோயிலில் அர்ச்சகர் அலங்காரம் செய்வதை ஊன்றிப் பார்த்திருக்கிறீர்களா? கருங்கல் திருமேனிக்கு மஞ்சள், வெள்ளை, பச்சை என்று வஸ்திரம் தேர்வார். மாலை எத்தனை சாத்தினாலும் முகத்தின் மேல் விழாதபடி ஒதுக்கிவிடுவார். சந்தனக் காப்பில் திருமேனி முழுவதையும் மூடினாலும், கண்ணையும் இதழையும் அதன் மேலேயே எழுதிக் காட்டுவார். துணி முகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு உடை தேர்வதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

வாடகை வேடத்தில் தவறுவது இதுதான். பெரிய அட்டைக் கிரீடம் நெற்றியை மறைக்கிறது. மயிலிறகின் காம்பு எந்த நேரமும் கண்ணைக் குத்தப் பார்க்கிறது. சரிகைப் பட்டை கழுத்தை அறுப்பதால் பிள்ளை தலையைச் சாய்த்தே வைத்திருக்கிறது. கோகுலாஷ்டமிக்கு வீட்டில் கண்ணன் வேடம் இடுவதை நான் குறை சொல்லவில்லை. அரிசி மாவில் பாதம் வரைந்த வாசலில், ஒரு மஞ்சள் வேட்டித் துண்டும் கையில் புல்லாங்குழலும் போதும், வீடே கோகுலம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் உடுத்திக் கழற்றிய அதே கிரீடத்தில் உங்கள் பேரனையும் உட்காரவைத்தால், முப்பது ஆண்டுக்குப் பின் அந்தப் படத்தில் உங்கள் வீட்டுக்கு உரியது என்று எதைக் காட்டுவீர்கள்?

அந்தக் காலத்து ஸ்டூடியோவிலும் வாடகைக் கோட்டு இருந்ததே என்பீர்கள். உண்மை. ஆணியில் ஒரே ஒரு கோட்டு தொங்கும். அப்பாவுக்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுதான். தொளதொளப்பு தெரியாமல் இருக்க முதுகுப் பக்கத்தில் துணிக் கிளிப்பால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஜில்லா கலெக்டர், பின்னாலிருந்து பார்த்தால் காயப்போட்ட துணி. நம்மில் பலர் வீட்டிலும் அப்படி ஒரு கலெக்டர் இருப்பார். அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது கோட்டு அன்று. கோட்டுக்குக் கீழே தெரியும் வெறுங்கால்.

பெண் குழந்தைக்கு நம் ஊர்களில் ஓர் அழகான முறை இருந்தது. மல்லிகை மொட்டையும் தாழம்பூவையும் வாழைப்பட்டையில் வைத்துத் தைத்துப் பின்னலோடு சேர்த்துக் கட்டுவார்கள். பூச்சடை முதுகில் இருக்க, முகம் முன்னே இருக்க, இரண்டையும் ஒரே படத்தில் காட்டுவது எப்படி? பெரிய நிலைக்கண்ணாடியின் முன் குழந்தையை நிறுத்தி, முன்னழகை நேராகவும் பின்னழகைக் கண்ணாடியிலும் பிடித்தார்கள். இது போன்ற பழைய படங்கள் நம் கண்ணெதிரே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் படங்களையும் தேடிப் படியெடுத்து வைத்திருக்கிறது. அறிஞர்கள் நம் பாட்டிமாரின் பூச்சடையை ஆவணம் என்று மதிக்கும்போது, நாம் அதைப் பரணில் கரையானுக்கு விடலாமா? பேத்திக்கு முடி இறக்குவதற்கு முன் பூ தைத்து இப்படி ஒரு படம் எடுங்கள். சடை முழு நீளம் வேண்டாம். பூவின் கனம் பிஞ்சுக் கழுத்தை இழுக்கும். பாதி போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய படங்களைப் பார்த்துப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். "எங்கள் அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கறுப்புப் பாவாடையா கட்டியிருப்பார்?" என்று ஓர் அன்பர் என்னிடம் வியந்தார். கறுப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆதிகாலத்துக் கண்ணாடித் தட்டுக்கும் ஃபிலிமுக்கும் சிவப்பு நிறம் தெரியாது. சிவந்தது எல்லாம் கறுத்து விழும், நீலம் வெளுத்து விழும். குங்குமப் பொட்டு மைப் பொட்டாகத் தெரிவதும், அரக்குப் பாவாடை கரிப் பாவாடை ஆவதும் அதனால்தான். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் சிற்றூர்களுக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. இன்றைய கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. ஆனாலும் பளீரென்ற வெள்ளைச் சட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சமான துணி படத்தை அடைத்துக்கொண்டால், கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நம் மாநிறக் குழந்தையின் முகம் அதில் இருண்டுவிடும். கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் தாடைக்குக் கீழே தம் சாயலை ஏற்றிவிடும். சந்தன நிறம், மாம்பழ மஞ்சள், வாழையிலைப் பச்சை, மங்கிய அரக்கு ஆகியவற்றில் நம் நிறம் அழகாக எழும்பும். மார்பில் எழுத்தோ பொம்மையோ அச்சிட்ட சட்டை வேண்டவே வேண்டாம். படத்தைப் பார்ப்பவர் கண் முதலில் அந்த எழுத்தைத்தான் படிக்கும்.

முகத்தை வெளுப்பாக்கித் தரும்படி கேட்பவர்களும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செயல். கார்மேக வண்ணன் என்று கண்ணனைக் கொண்டாடிவிட்டு, அவன் வேடம் இட்ட பிள்ளையை ஏன் சுண்ணாம்பு அடித்த சுவராக்க வேண்டும்? பாட்டி முகத்தில் இருக்கும் அதே நிறம் பேரன் முகத்திலும் இருக்கிறது என்பது காலத்தால் அழியாமல் பதிய வேண்டிய செய்தி. அதை அழிக்கக் காசு கொடுக்காதீர்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்துத் தர முன்வருவார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் மட்டும் மை தீட்ட வேண்டாம். மையில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் தடுக்கிறார்கள்.

உடையின்றியே முகம் எவ்வளவு பேசும் என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே சான்று உண்டு. பகவான் ரமணர் 1879 டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்ரா தரிசன இரவில், திருச்சுழியில் பிறந்தவர். திருமேனிநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அவர் பிறந்த சுந்தர மந்திரத்தையும் தரிசித்து வருகிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய மிகப் பழைய படமே, திருவண்ணாமலை வந்து சில ஆண்டுகளான இளைஞராக இருந்தபோது எடுத்ததுதான். அழகம்மாள் தம் பிள்ளை வேங்கடராமனுக்கு என்ன சொக்காய் உடுத்திப் பார்த்தாரோ, அதைப் பிடித்து வைக்கக் கருவி அந்த வீட்டுக்கு வரவில்லை. 1946-இல் வெல்லிங் என்பவர் எடுத்த மார்பளவுப் படம் இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கிறது. அதில் ஆடை என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. அந்தக் கண்களை மட்டும் மறக்க முடியாது.

நகைக்கு வருகிறேன். வங்கியில் நகைக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதை என்னால் சுருக்கிச் சொல்ல இயலவில்லை. மானாவாரி நிலத்தில் புரட்டாசி விதைப்புக்குப் பணம் வேண்டும். ஆவணிக் கடைசியில் பெண்கள் சுருக்குப் பையோடு வந்து நிற்பார்கள். தாலிச் சங்கிலி, தோடு எல்லாம் முன்னமே உள்ளே போயிருக்கும். எஞ்சியது குழந்தையின் காப்பு, இரண்டு கிராம் மோதிரம். ஒருமுறை, மதிப்பீட்டாளர் உரைகல்லை எடுக்கும்போது ஒரு தாய் காப்பைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். "சார், நாளைக்குப் பிள்ளையைப் போட்டோ எடுக்கப் போறோம். போட்டு எடுத்துட்டு நாளன்னிக்குக் கொண்டாந்துர்றேன்." சொன்னபடியே மூன்றாம் நாள் வந்தார். அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த ஆண்டும் சுகமில்லை. தவணை கடந்த நகைகளின் பட்டியலில் அந்தக் காப்பும் ஏலத்துக்குப் போயிற்று. பட்டியலைத் தயாரித்துக் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். விதிப்படி செய்ய வேண்டியது அது. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடன் விசாரணைக்காக அந்த வீட்டுக்குச் செல்ல நேர்ந்தபோது, சுவரில் அந்தப் படம் இருந்தது. குழந்தை வலக்கையைச் சற்று உயர்த்தி வைத்திருந்தது. காப்பு தெரியும்படி யாரோ அப்படிப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். காப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மோர் கொடுத்தார்.

ஆகவே நகை போட்டு எடுக்காதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு நகையாக இருந்தால் ஒரு காப்பாயினும் போடுங்கள். இரவல் வாங்கி அடுக்க வேண்டாம். எதிர்வீட்டுச் சங்கிலி படத்தில் நிலைத்துவிடும். ஊரறிய ஒரு பேச்சும் நிலைத்துவிடும். திருகு கழன்ற சிறு தோடு, ஊக்கு ஆகியவற்றை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அணிவிப்பதில் கவனம் வேண்டும். வாய்க்குள் போக ஒரு நொடி போதும்.

துணி விஷயத்தில் என் ஆலோசனை எளியது. புதுப் பட்டு வாங்க வேண்டாம். பாட்டியின் பழைய புடவை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுங்கள். எங்கள் பக்கம் என்றால் அருப்புக்கோட்டைக் கைத்தறிப் பருத்திப் புடவை ஏதாவது ஒன்று எந்த வீட்டுப் பெட்டியிலும் மடித்துக் கிடக்கும். பல முறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். கரையைக் கீழே வைத்து அதிலேயே பாவாடை தைக்கச் சொல்லுங்கள். பையனுக்கு வேட்டியும் அப்படியே. பட்டுப் புடவையில் தைப்பதானால் உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி கொடுத்துத் தைக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே உடுத்தி விளையாட விடுங்கள். உடை குழந்தைக்குப் பழகினால்தான் குழந்தை கேமராவுக்குப் பழகும். ஸ்டூடியோவுக்கு எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு போகாமல் அங்கே போய் உடுத்துங்கள். நம் வெயிலில் பேருந்தில் ஒரு மணி நேரம் வந்தால் பூவும் வாடும், பிள்ளையும் வாடும். கோயில் வாசலிலேயே எடுப்பதானால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் கரிசல் காட்டு வெயிலில் எந்தக் குழந்தையும் கண்ணைத் திறக்காது.

பொறுமையும் வேண்டும். 1858-இல் டிரைப் என்ற ஆங்கிலேயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் காகித நெகட்டிவில் படம் பிடித்தார். ஒரு படத்துக்கு நெடு நேரம் கருவியைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலம் அது. கோபுரம் அசையாது நின்று கொடுத்தது. குழந்தை கோபுரம் அன்று. அன்றைய சீமை ஸ்டூடியோக்களில் தாயை நாற்காலியாகத் தோன்றும்படி துணியால் போர்த்தி, அவள் மடியில் பிள்ளையை இருத்தி எடுத்தார்கள் என்றால் பாருங்கள். இன்று நொடியில் படம் விழுகிறது. பாட்டி துணிக்குள் ஒளிய வேண்டியதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினால் போதும்.

கைப்பேசியில் நூறு படம் இருந்தாலும் ஒன்றையாவது தாளில் அச்சிட்டு வாங்குங்கள். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். குழந்தையின் பெயர், நட்சத்திரம், தேதி, எந்தக் கோயிலில் முடி இறக்கியது ஆகியவற்றோடு, பாவாடை எந்தப் புடவையில் தைத்தது, யார் தைத்தார், காப்பு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதலாம். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. 1961-ஆம் ஆண்டுப் படத்தில் நான் உடுத்தியிருக்கும் பாவாடை சித்தி மகளிடம் வாங்கியது என்பது வரை எனக்குச் சொல்லியிருக்கிறார். படத்தில் அது கறுப்பாக இருக்கிறது. என்ன நிறம் என்று கேட்க இப்போது அவரும் இல்லை, சித்தியும் இல்லை. நிறத்தையும் எழுதி வையுங்கள்.